ஏழு வருடம் ஒரே ரீல் தூண்டில்: காசல்ரீயில் பருவம் பார்த்து மீன் பிடித்த அனுபவம்

2018இல் ஹட்டனில் வாங்கிய ரீல் தூண்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இழுத்தால் எட்டு அடி, மடக்கினால் தோள்பைக்குள் போய்விடும், ஃபைபர் கம்பு, நடுத்தர அளவு ரீல். அதற்கு முன்னால் சின்ன வயதிலிருந்து மூங்கில் கம்புதான். புதுசு வந்ததும் இனி மீன் கொட்டும் என்று நினைத்தேன், ஆனால் முதல் இரண்டு வருடம் மூங்கிலில் கிடைத்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. முள்ளை மாற்றினேன், தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் இழையை, மாற்றினேன், இரை மாவில் வனிலா எசன்ஸ் கலந்தும் பார்த்தேன். பல ஞாயிறுகளில் விடிய ஐந்து மணிக்குக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய் மதியம் வெறும் கையோடு தோட்டத்து லயத்துக்கு ஏறி வந்திருக்கிறேன்.

மாற்றம் வந்தது எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருக்கிற ஒரு மாமாவால். நாற்பது வருடமாக அந்தக் கரையில் தூண்டில் போடுகிறவர். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தம்பி, நீ மழையப் பாத்துட்டு வாற. தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலையே கரையில் இருக்கிற ஒரு பெரிய கல்லில் ஒரு முழத்துக்கு ஒன்றாகப் பெயிண்டால் கோடு போட்டு, போகிற ஒவ்வொரு முறையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, எங்கே போட்டேன், என்ன இரை, எத்தனை மீன் என்று ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தேன்.

காசல்ரீ சாதாரணக் குளம் இல்லை, மின்சாரத்துக்காக 1965இல் பாவனைக்கு வந்த நீர்த்தேக்கம். மழையே இல்லாத மாதத்திலும் மின் நிலையத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், அதனால் மட்டம் ஒரு இடத்தில் நிற்காது. தண்ணீர் ஏறும்போது கரையில் முளைத்திருந்த புல் மூழ்கும், அதிலிருக்கிற புழுவும் பூச்சியும் மீனுக்குத் தீனி, மீன் ஓரத்துக்கு வரும். இறங்கும்போது ஓரத்தில் வெறும் சேறுதான் மிஞ்சும், மீன் ஆழத்துக்கு நகர்ந்துவிடும். ஐந்து வருடக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால், நல்ல நாட்களில் பெரும்பாலானவை மட்டம் மெதுவாக ஏறிய நாட்கள்தான்.

தை, மாசி மாதங்களை நான் முன்பு வீணாக்கினேன். இங்கே 1,000 மீற்றருக்கு மேலே இரவுக் குளிர் தண்ணீரையும் பிடிக்கும். திலாப்பியா வெப்பநாட்டு மீன், 1952இல்தான் இலங்கைக்கு வந்தது. தண்ணீர் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அது சோர்ந்து தீனியைக் குறைத்துவிடும். அப்படியிருக்க விடியற்காலையில் போய் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து என்ன பயன்? இப்போது அந்த மாதங்களில் காலையில் தேத்தண்ணி குடித்து, வீட்டு வேலையை முடித்து, பத்து மணிக்குத்தான் இறங்குகிறேன். வெயில் நேராக விழுகிற, காற்று மறைவான ஆழமில்லாத வளைவைப் பார்த்து உட்கார வேண்டும். பத்தாம் நம்பர் முள், கடலை அளவு மாவு, சின்ன தக்கை. இந்தக் காலத்தில் மீன் தக்கையை இழுத்துக்கொண்டு ஓடாது, லேசாகச் சாய்க்கும், அவ்வளவுதான். சாய்ந்தவுடன் தூக்கிவிட வேண்டும். கார்ப் கெண்டை மட்டும் குளிரிலும் அடியில் மேயும், அதற்கு ஈயம் போட்டு ரீலில் தூரமாக வீசிவிட்டுப் பொறுமையாக இருக்கலாம்.

பங்குனி, சித்திரையில் மட்டம் நன்றாக இறங்கிவிடும். பக்கத்து மவுஸாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில்கள் வெளியே தெரிகிற காலம் இதுதான். காசல்ரீயில் சரிவான களிமண் கரைகளில் திலாப்பியா முட்டையிடத் தட்டு மாதிரி குழி பறித்து வைத்திருப்பது கண்ணுக்கே தெரியும். இங்கே ரீல் தேவையே இல்லை, மூங்கில் கம்புதான் சுகம், கரையிலிருந்து சத்தமில்லாமல் நீட்டிப் போடலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். தூக்கும்போது வாயிலிருந்து குஞ்சு சிதறினால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். இந்த மாதங்களில் பின்னேரம் இடி மின்னல் வேறு. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும், நனைந்த மூங்கிலையும் நம்ப முடியாது. மலைக்குப் பின்னால் முதல் முழக்கம் கேட்டதும் நான் மடக்கிவிடுவேன், மீன் எவ்வளவு கடித்தாலும் சரி.

வைகாசி கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தால் எல்லாம் தலைகீழ். முன்பு இந்த மூன்று மாதமும் தூண்டிலைத் தொடவே மாட்டேன், தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறதே, மீனுக்கு எப்படி இரை தெரியும் என்று. உண்மையில் எனக்கு வருடத்தின் பெரிய கார்ப் எல்லாம் இப்போதுதான் கிடைக்கின்றன. நோர்வூட் பக்கம் கெசல்கமு ஓயா வந்து சேருகிற இடத்தில், வேகமான நீரோட்டத்துக்கு நடுவே போடாமல், கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கிற கோட்டுக்கு ஓரமாகப் போட வேண்டும். ஆற்று நீர் அடித்துக்கொண்டு வரும் புழு அங்கேதான் தங்கும். இரையும் அதுவேதான், மண்புழு, முழுசாக, இரண்டு மூன்று சேர்த்து. கலங்கிய தண்ணீரில் கார்ப் மீசையாலும் மணத்தாலும்தான் தேடும். மாவு இந்த நீரில் கரைந்து போய்விடும். காற்று பலமாக அடிப்பதால் மூங்கிலில் தங்கூசி பட்டம் மாதிரி பறக்கும், ரீல் தூண்டில் தன் காசைத் திருப்பித் தருவது இந்த மாதங்களில்தான்.

ஆனால் நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாய்கிற நாளில் அணைக்கட்டுப் பக்கமோ அதற்குக் கீழே ஆற்றிலோ தயவுசெய்து போகாதீர்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குக் கீழேயும் அப்படித்தான், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழைக்குக் கதவு திறக்கும். சில நிமிடத்தில் நிற்கிற பாறை தீவாகிவிடும். நான் ஒருமுறை செருப்பையும் இரை டப்பாவையும் விட்டுவிட்டு ஓடி ஏறினேன், அதன்பிறகு அந்த இடத்துக்கே போகவில்லை.

ஐப்பசி, கார்த்திகைதான் எனக்குப் பிடித்தது. மட்டம் உயர்ந்து, தண்ணீர் தெளிந்து, காலை வெயில், பின்னேரம் மழை. காலை ஆறிலிருந்து பத்துக்குள் திலாப்பியாவும் வரும், ரோகு கெண்டையும் வரும். மார்கழியில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கி பஸ் நிறைய ஆட்கள் வருகிற நேரத்துக்கு மறுபடியும் குளிர் ஆரம்பித்துவிடும்.

சரி, தூண்டிலைப் பற்றி. கம்பு நன்றாகத் தாங்கியிருக்கிறது, நுனித் துண்டை மட்டும் ஒருமுறை மாற்றினேன், அதுவும் சேற்றோடு மடக்கியதால். மண் துகள் மூட்டுக்குள் போனால் இறுகிவிடும், நனைந்த துணியால் துடைத்து மடக்க வேண்டும், முறுக்கக் கூடாது. ரீலில் தங்கூசி ஓடுகிற சின்ன உருளை மூன்றாவது வருடம் சுற்றாமல் நின்றது, அதனால் தங்கூசி உரசி உரசி அறுந்தது. கழற்றிச் சுத்தம் செய்து தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், இன்றுவரை குறையில்லை. தங்கூசிதான் உண்மையான செலவு. வெயிலில் கிடந்தால் சுருள் விழுந்து முடிச்சில் அறுகிறது, ஒன்றரை வருடத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்தால் நன்றாகப் பிடிக்கும். இதை யாராவது எனக்கு முதல் வருடமே சொல்லியிருந்தால் இரண்டு பெரிய கார்ப் கைவிட்டுப் போயிருக்காது.

பிடித்த மீனில் சேற்று வாடை அடிக்கிறது என்கிறவர்களுக்கு: வயிற்றுக்குள்ளே இருக்கிற கறுப்புத் தோலை முழுதாக உரித்து, உப்பும் கொறுக்காப்புளியும் பூசி அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கழுவுங்கள். அப்புறம் காரமாகக் குழம்பு வைத்தால் அந்த வாடை அவ்வளவாகத் தெரியாது.

நேற்று மாமாவின் மகன் போன் பண்ணினான், தண்ணீர் கல்லில் நாலாவது கோட்டைத் தொட்டுவிட்டதாம், இன்னும் ஏறுகிறதாம். சனிக்கிழமை பின்னேரம் வாழைக்கொல்லையில் புழு தோண்ட வேண்டும்.