ரைஃபிளுக்குப் புது பேரல் மாட்டக் கொடுக்கிறீர்களா? கேஜ் போட்டுப் பார்க்காமல் சுடாதீர்கள்

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே ரைஃபிளுக்குப் புது பேரல் போட நினைக்கும் நம்மவர்கள், கடையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ரெமிங்டன் 700 ரைஃபிள், .308 வின்செஸ்டர் என்ற அளவுத் தோட்டா போடுவது. பழையதாக வாங்கியது. பேரலில் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் குழி) முன்னால் இருக்கும் தொண்டைப் பகுதி தேய்ந்துபோய், 100 கஜத்திலேயே குண்டுகள் சிதற ஆரம்பித்துவிட்டன. கராஜில் லேத் இருக்கிறது, எட்டு வருடமாக வார இறுதிகளில் அதில் வேலை செய்கிறேன். இந்த ரைஃபிளின் பேரல் மரை அங்குலத்துக்கு 16. அதை வெட்ட எனக்குத் தெரியும். ஆனாலும் நானே செய்யலாமா, வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன்.

பயம் மரையில் இல்லை, சேம்பரில். .308 தோட்டா வெடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறலாம். கன்னத்திலிருந்து சில அங்குலத் தூரத்தில் நடப்பது அது. சேம்பரை வெட்டும் கருவியான ரீமர் நேராக இறங்க வேண்டுமென்றால், பேரலின் துளை இரண்டு முனையிலும் லேத்தின் அச்சோடு ஒத்து ஓட வேண்டும். என் லேத்தின் ஹெட்ஸ்டாக்கில் (வேலைப் பொருளைச் சுழற்றும் தலைப்பகுதி) பின்பக்கம் பேரலைப் பிடித்துச் சரிசெய்ய வசதி இல்லை. அதைச் செய்து, ரீமரும் வாங்கி, ஒரே ஒரு பேரலுக்காக இவ்வளவு எதற்கு என்று தோன்றியது. லைசென்ஸ் உள்ள ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்) கடையில் கொடுத்துவிட்டேன்.

நான் ஏமாந்த இடம் அந்த 'லைசென்ஸ்' என்ற சொல். மத்திய அரசு கொடுக்கும் அந்த உரிமம், துப்பாக்கி யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போனது என்று பதிவேட்டில் கணக்கு வைப்பதற்கானது. அதைக் கொடுப்பதற்கு முன் யாரும் அவரை லேத் முன் நிறுத்தி ஒரு சேம்பர் வெட்டிக் காட்டச் சொல்வதில்லை. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் என்றார், ஐந்து மாதம் ஆனது. 400 டாலர் கூலி. வாங்கி வந்து முதல் பெட்டி, 20 தோட்டா சுட்டேன். குறி நன்றாகவே விழுந்தது. வீட்டுக்கு வந்து காலிக் கூடுகளைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே பளிச்சென்று ஒரு வளையம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். அந்த இடத்தில் பள்ளம் தட்டியது. ஒரு கூட்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது பித்தளைச் சுவர் அங்கே காகிதமாக மெலிந்திருந்தது. அது முழுதாகப் பிய்ந்திருந்தால் சூடான வாயு பின்னால் என் முகத்துப் பக்கம் பீறிட்டிருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் ஹெட்ஸ்பேஸ். போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் உருளை) மூடிய பிறகு, அதன் முகத்திலிருந்து கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) போய் முட்டும் இடம் வரை உள்ள தூரம் அது. அதைச் சோதிக்க, தோட்டாவுக்குப் பதில் சேம்பரில் வைக்கும் அளவுத் துண்டுதான் கேஜ். .308க்குக் கேஜ்கள் மூன்று: கோ 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638. கோ கேஜ் மேல் போல்ட் மூட வேண்டும், நோ-கோ மேல் மூடக் கூடாது. ஃபீல்ட் மேலும் மூடினால் அந்த ரைஃபிளைச் சுடவே கூடாது. மூன்றையும் வாங்கினேன். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு (கழற்றாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கை உணர்வு தெரியாது), இரண்டு விரலால் மெதுவாக மூடினேன். என் ரைஃபிள் மூன்றையும் விழுங்கியது.

கடைக்காரரிடம் கேஜையும் அறுத்த கூட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். தோட்டா மட்டமானது, வேறு கம்பெனி வாங்கிப் பாருங்கள் என்றார். கேஜ் என்ன செய்யும், அது தோட்டா இல்லையே என்றேன். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்றார். பணம் திரும்பவில்லை.

இரண்டு மணி நேரப் பயணத்தில் இன்னொருவரைப் பிடித்தேன். ரீமரை அளவு மீறி இறக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் சொன்னார். பேரலின் தோள்பட்டையை (மரை முடியும் இடத்து விளிம்பு) ஒரு முழு மரை, அதாவது அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு பின்னுக்குச் சீவி, சேம்பரைத் திரும்ப வெட்டினார். 250 டாலர். நான் கேட்காமலே என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து இரண்டு கேஜும் போட்டுக் காட்டினார். கோ மூடியது, நோ-கோ பாதியில் நின்றது. அந்த அளவை ரசீதிலும் எழுதிக் கொடுத்தார். முதல் கடையில் நான் கேட்டிருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான். எழுதித் தர மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.

சரி, லேத் வைத்திருப்பவர்கள் நாமே செய்யலாமா என்று கேட்பீர்கள். பேரலை இரண்டு முனையிலும் டயல் (ஆட்டத்தை அளந்து காட்டும் கருவி) வைத்து நேராக்க முடிந்தால் செய்யலாம் என்பதுதான் இப்போது என் எண்ணம். அது முடியாதவர்கள் கடையில் கொடுங்கள், ஆனால் கேஜை நீங்களே வாங்கிவிடுங்கள். என்னுடைய .308 கேஜ் மூன்றும் மேசை டிராயரில் எண்ணெய் தடவி இருக்கின்றன. டல்லாஸ் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் தருகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.