கார்புரேட்டரா, கரண்டா? பழைய சின்னக் கார் வெடிக்கும்போது எதை முதலில் பார்ப்பது

வண்டி 'டப் டப்' என்று வெடிக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் முதல் கை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில்தான் விழும். கழற்றி, பெட்ரோலில் கழுவி, பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை ஊதி மாட்டுவார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் பழைய கதைதான். என் பழைய காரில் அப்படி மூன்று முறை கார்புரேட்டர் இறங்கி ஏறியது. கோளாறு அங்கே இல்லவே இல்லை. பெட்ரோல் பக்கத்தைச் சந்தேகிப்பதா, கரண்ட் பக்கத்தை, அதாவது ஸ்பார்க் தரும் அமைப்பைச் சந்தேகிப்பதா என்ற இந்தப் போட்டியில், கரண்டை முதலில் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எந்தப் பக்கம் போனாலும் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வெடி பின்னால் சைலன்சரில் கேட்கிறதா, முன்னால் கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். பின்னால் வெடித்தால், சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல் சூடான குழாயில் போய் எரிகிறது. முன்னால் தும்மினால், இன்டேக் வால்வு திறக்கும்போது உள்ளே தீ இன்னும் அணையவில்லை, அல்லது ஸ்பார்க் தப்பான நேரத்தில் விழுகிறது, அல்லது வால்வு சரியாக உட்காரவில்லை. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை மெதுவாக எரியும். அதனால் தும்மலுக்கு இந்த லீன் கலவை அடிக்கடி காரணமாகிறது. தும்முகிற இன்ஜின் ஓடும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்க்காதீர்கள். தீ நாக்கு அந்த வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

அடுத்தது, எப்போது வெடிக்கிறது என்பது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி இறக்கத்தில் உருளும்போது மட்டும் பின்னால் படபடவென்று பொரிந்தால், கார்புரேட்டரையும், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் தொடுவதற்கு முன் எக்ஸாஸ்ட் இணைப்புகளைப் பாருங்கள். இன்ஜினோடு எக்ஸாஸ்ட் குழாய் சேரும் இடத்து அடைப்பான மேனிஃபோல்டு கேஸ்கெட் போயிருந்தால் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். எரியாத பெட்ரோலுக்கு வேண்டிய காற்று அங்கேயே கிடைத்துவிடும். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின் குழாயைத் தடித்த துணியால் சில விநாடி அடைத்தால் 'புஸ்' சத்தமும் கேட்கும்.

இனி கரண்ட், பெட்ரோல் என்ற அந்த இருவர். கரண்ட் கோளாறு சட்டென்று வரும், சட்டென்று போகும். ஈரத்தில் கூடும். மேட்டில் ஏறும்போது, பாரம் ஏற்றும்போது வெட்டி வெட்டி இழுக்கும். பெட்ரோல் கோளாறு அப்படியல்ல. கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகும், வேகத்துக்குத் தகுந்தபடி ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. வெடிக்கிற வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். வெடி அடங்கினால் கலவை லீன், பெட்ரோல் பக்கம் போகலாம். இன்னும் மோசமானால் கலவை ஏற்கெனவே ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிகுந்து இருக்கலாம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம், வெளுத்திருந்தால் லீன், கரி பிடித்திருந்தால் ரிச். இது சரிதான். ஆனால் நான்கில் மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கறுத்து ஈரமாகவும் இருந்தால் அதை ரிச் என்று படிக்கக் கூடாது. எல்லா சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர் இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் பெட்ரோல் கூடுவது அபூர்வம். அந்த பிளக்குக்கு ஸ்பார்க் போகாததால்தான் பெட்ரோல் எரியாமல் நனைந்து கிடக்கிறது. நான் முதல் முறையே பார்த்துவிட்டு புரிந்துகொள்ளாமல் விட்டது இதைத்தான்.

கடைசியில் உண்மையைக் காட்டியது இருட்டு. விளக்குகளை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமாகப் பனிபோலத் தூவினேன். மூடியின் மேல் நீலமாக ஒரு கோடு ஓடி மறைந்தது. மறுநாள் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினால், உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவில் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கரிக்கோடு. ஸ்பார்க் அந்தக் கோட்டில் ஏறிப் பக்கத்து சிலிண்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. மூடியை மாற்றியதோடு வெடி நின்றது.

கரண்ட் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அங்கே பார்ப்பதால் எதுவும் கெடாது. கார்புரேட்டரைப் பிரித்தால் கேஸ்கெட் கிழியும், ஃப்ளோட் மட்டம் மாறும், புதுக் கோளாறு ஒன்று சேரும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டார், பிளக் வயர், கரண்டை வெட்டி விடும் பாயிண்ட் எல்லாம் அரை மணி நேர வேலை. பாயிண்ட் இடைவெளி பல கார்களில் 0.4 மி.மீ. சுற்றி இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் உள்ளதே கணக்கு. பாயிண்ட்டின் குதி (சுழலும் தண்டில் உரசும் பகுதி) தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், பின்தங்கும். டைமிங் பின்தங்கினால் எரிந்து முடியாத வாயு எக்ஸாஸ்டில் இறங்கும். ஆகவே பாயிண்ட்டைச் சரிசெய்த பிறகுதான் டைமிங் லைட் பிடித்து அந்த நேரத்தைச் சரிபார்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் இரண்டு வேலை. சர்வீஸ் முடிந்த அன்றே வெடிக்க ஆரம்பித்தால் பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு சிலிண்டரில் ஸ்பார்க் விழும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2.

கார்புரேட்டரைக் குற்றமற்றது என்று சொல்லவில்லை. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது மட்டும் ஒரு தும்மல் என்றால் மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் மேல்தான் என் சந்தேகம். இன்ஜினை அணைத்துவிட்டு த்ராட்டிலைக் கையால் இழுங்கள், கார்புரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் கம்பிபோலப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ தாமதித்தாலோ பம்பின் ரப்பர் சவ்வான டயஃப்ரம் போயிருக்கலாம். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) இன்ஜின் நிலைக்காமல் தும்மினால் கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டிலும் வேக்குவம் குழாய்களிலும் காற்று பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் பூஸ்டர் குழாயை ஒரு கணம் இடுக்கிப் பாருங்கள், இன்ஜின் சத்தம் சீராகிவிட்டால் கசிவு அந்தப் பக்கம்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன் வந்த பழைய கார்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு பிளக் மிஸ் ஆனால் எரிவதற்குப் பயன்படாத ஆக்சிஜன் எக்ஸாஸ்டில் போகும். அங்குள்ள சென்சார் அதைப் பார்த்து 'லீன்' என்று சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ஸ்கேனரை மட்டும் நம்பினால் பெட்ரோல் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள காரை வெடிக்க விட்டே ஓட்டவும் கூடாது. எரியாத பெட்ரோல் அதற்குள் எரிந்து அதை உருக்கிவிடும்.

இருவரையும் பார்த்தாயிற்று, ஐடிலில் தாளம் தப்பாமல் ஒரே சீராக வெடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி இறுகியிருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. அதனால் டேப்பட்டைச் சரிசெய்து இன்னொரு தடவை அளந்து பாருங்கள். அப்போதும் அளவு ஏறவில்லையென்றால்தான் சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டும்.