கம்போசரோடு 8 வருடம்: அந்த ஒரு வரி

மஞ்சக்குப்பத்து நண்பன் நேற்று போனில் கேட்டான்: "லைப்ரரி எல்லாத்தையும் ஃபோல்டரோட காப்பி பண்ணித்தான் ஓட்டிட்டிருக்கேன் மச்சான். கம்போசருக்கு மாறிடட்டுமா?" பிஎச்பி ப்ராஜெக்டுக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது பேக்கேஜ்களை, நெட்டிலிருந்து இறக்கி ஒன்றுக்கொன்று பொருந்தும் வெர்ஷனில் வைத்துக்கொள்ளும் கருவிதான் கம்போசர்.

அவன் கேட்ட நேரம் சரியில்லை. லாஸ்பேட்டை ஆபீஸில் காலையிலிருந்து ஒரு மெர்ஜோடு, அதாவது தனித்தனி பிராஞ்சில் (கோடின் தனிக் கிளை) செய்த மாற்றங்களை ஒன்றாக்கும் வேலையோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷனில் என்று கம்போசர் குறித்துவைக்கும் லாக் ஃபைலின் தலைமாட்டில் 'கன்டென்ட் ஹாஷ்' என்று 32 எழுத்தில் ஒரு வரி இருக்கும். நாம் கேட்ட பேக்கேஜ் பட்டியலிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி அது. நான் என் பிராஞ்சில் பிடிஎஃப் பேக்கேஜ் சேர்க்கிறேன், கூட வேலை செய்யும் தம்பி அவன் பிராஞ்சில் எக்செல் பேக்கேஜ் சேர்க்கிறான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் அந்த வரி மாறிவிடும், மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் கிட், கான்ஃப்ளிக்ட் (இரண்டும் மோதுகிறது) என்று நின்றுவிடும். என்னுடையதை வைத்தாலும் தப்பு, அவனுடையதை வைத்தாலும் தப்பு. சேர்ந்த பிறகு வரவேண்டியது மூன்றாவது ஹாஷ். மெயின் பிராஞ்சின் லாக் ஃபைலை எடுத்துக்கொண்டு, நம் பேக்கேஜை மட்டும் மறுபடி 'ரிக்வயர்' (பேக்கேஜ் சேர்க்கும் கட்டளை) செய்வதுதான் வழி. எரிச்சலில் வெறும் 'அப்டேட்' அடித்தால் மொத்த பேக்கேஜும் புது வெர்ஷனுக்கு நகர்ந்துவிடும். ஒருமுறை அப்படி அடித்து, முதுநகர் ஐஸ் கம்பெனி பில்லில் ஜிஎஸ்டி பைசா ரவுண்டிங் மாறிப்போனது. ராத்திரி 11 மணிக்கு அவர்கள் கணக்குப்பிள்ளை போன் செய்தார்.

மற்றபடி குறை சொல்ல மனசு வரவில்லை. 2020 அக்டோபரில் வெர்ஷன் 2 வந்த பிறகு என் 4 ஜிபி லேப்டாப்பில் மெமரி போதாமல் பாதியில் சாவது நின்றது. 2022இல் வந்த 'ஆடிட்' கட்டளை நான் கேள்விப்படாத ஒரு பேக்கேஜில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதைக் காட்டியது. இதை யார் கூட்டிவந்தது? 'கம்போசர் ஒய்' (why, ஏன்) என்று அடித்து அதன் பெயரைக் கொடுத்தேன். ஒரே ஒரு ரிப்போர்ட்டுக்காக எப்போதோ சேர்த்த பேக்கேஜ்தான் வாலாக இழுத்துவந்திருக்கிறது. இரண்டையும் தூக்கிவிட்டேன். ஃபோல்டர் காப்பியில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது, கரண்ட் வந்தும் நெட் வரவில்லை. முன்பு இறக்கியதைக் கம்போசர் சேர்த்துவைக்கும் கேஷில் எல்லா ஜிப்பும் கிடந்ததால் 'இன்ஸ்டால்' அடித்ததும் பேக்கேஜ்கள் உட்காரும் வெண்டார் ஃபோல்டர் அப்படியே முளைத்தது. அன்று அதைக் கும்பிடலாம் போலிருந்தது.

இவ்வளவையும் நண்பனிடம் சொன்னேன். அப்புறம், "இப்போ மாறாதே, ஃபோல்டரிலேயே இருக்கட்டும்" என்றேன். மெர்ஜ் முடியும்போது மணி மூன்று, சாப்பிடவில்லை. இன்றைக்குக் கேட்டால் ஐந்துக்கு 2தான் தருவேன்.