கேம்பிங்கில் ஸ்கேனர்: எந்த வெளி ஆன்டெனா நன்றாக இழுக்கும்?

2020 செப்டம்பர் 4 மாலை, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஷேவர் லேக் பக்கம் கிரீக் தீ கிளம்பியது. மறுநாளே மாமத் பூல் நீர்த்தேக்கத்திலிருந்து வெளியேறும் சாலை அடைபட்டுப் போனது. விடுமுறைக்காக அங்கே கூடாரம் போட்டிருந்த 200க்கும் மேற்பட்டவர்களைத் தேசியக் காவல் படையின் ஹெலிகாப்டர்கள் இரவில் புகைக்குள் இறங்கித் தூக்கி வந்தன. அந்த மலைக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. தீ எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தச் சாலையை மூடுகிறார்கள் என்ற பேச்செல்லாம் ரேடியோவில்தான் ஓடும். கோடையில் அங்கே கேம்பிங் போகிறவர் பையில் ஒரு கையடக்க ஸ்கேனரை, அதாவது பல அலைவரிசைகளில் மாறி மாறித் தேடி இந்தப் பேச்சைக் கேட்க வைக்கும் ரேடியோவை, போட்டுக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் ஸ்கேனரோடு பெட்டியில் வரும் ரப்பர் டக் ஆன்டெனா பள்ளத்தாக்கில் பெரிதாக எதையும் பிடிக்காது. சுருட்டிய கம்பியை ரப்பர் உறைக்குள் அடைத்த சமாச்சாரம் அது. இடுப்பில் மாட்டினால் உடம்பே பாதி சிக்னலைத் தின்றுவிடும். சரி, வெளி ஆன்டெனா போடலாம் என்று தேடினால் காந்த அடி, ஜே-போல், டிஸ்கோன், யாகி என்று வரிசை கட்டி நிற்கும். எல்லாமே ஏதோ ஓரிடத்தில் நன்றாக வேலை செய்பவைதான். கூடாரத்தின் பக்கத்தில் எது வேலை செய்யும் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கு எதைக் கேட்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறது. சியராவில் கவனிக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் 151ஐ ஒட்டிப் பேசும். கூட்டரசின் வனத்துறை 160களிலும் 170களிலும் இருக்கும். தேசிய வானிலைச் சேவையின் ஒலிபரப்பு 162.400 முதல் 162.550 வரை ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் ஓயாமல் ஓடும். விமானங்கள் 118 முதல் 137 வரை. நகரங்களையும் சில கவுன்டிகளையும் சேர்ந்தவர்கள் 450, 700, 800 பக்கம் போய்விட்டார்கள்.

ஆன்டெனாக் கம்பியின் நீளம் கேட்கும் அலையின் கால் பங்காக இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வாய்ப்பாடு உதவும். 75ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். 155க்கு 48 செ.மீ., 860க்கு 9 செ.மீ.கூட வராது. இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் விற்பவர் சொல்வதில் பாதியை நாமே சரிபார்த்துவிடலாம்.

செலவே இல்லாமல் தொடங்க வேண்டும் என்றால் வால் கட்டலாம். 48 செ.மீ. இன்சுலேட்டட் ஒயரின் ஒரு நுனியைச் சீவி, ஆன்டெனா கனெக்டரின் வெளி உலோகத்தில் சுற்றித் தொங்கவிடுங்கள். ரப்பர் டக்குக்குத் தரைப்பக்கம், அதாவது ஆன்டெனாவின் மறுபாதியாக நிற்கும் உலோகம், என்று ஒன்று இல்லாத குறையை இது தீர்க்கும். வெளிநாட்டு ரேடியோக்காரர்கள் இதைப் புலிவால் என்பார்கள். அடுத்த படி, இழுத்து நீட்டும் டெலஸ்கோப்பிக் கம்பி. அதை 48 செ.மீ.க்கு இழுத்து, வாலையும் கட்டினால் ரப்பர் டக்கோடு உள்ள வித்தியாசம் காதுக்கே தெரியும். விமானம் கேட்க 59 செ.மீ., 460க்கு 16 செ.மீ. என்று மாற்றிக்கொள்ளும் வசதி வேறு எந்த ஆன்டெனாவிலும் இல்லை. குறை என்னவென்றால், நீட்டிய கம்பி ஸ்கேனரின் தலையில் நெம்புகோலாக நிற்கும். மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் கம்பி மட்டும் போகாது, சாக்கெட்டும் சேர்ந்து போகும்.

காந்த அடி வைத்த கார் ஆன்டெனா ஒரே இரவுத் தங்கலுக்குக் கிட்டத்தட்ட தோற்கடிக்க முடியாதது. கூரையில் தொப்பென்று வைத்து, கேபிளைக் கதவின் ரப்பர் இடுக்கு வழியாக உள்ளே விட்டால் ஒரு நிமிட வேலை. கூரைத் தகடே தரைப்பக்கமாக அமைந்துவிடுவதால் 48 செ.மீ. கால் அலைக் கம்பி அதில் முழுத் திறனோடு நிற்கும். ஆனால் எல்லாக் கூரையிலும் காந்தம் ஒட்டாது. 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150இன் உடல் அலுமினியம். கண்ணாடிக் கூரை போட்ட கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

அதற்கு சியராவிலேயே ஒரு மாற்று கிடைக்கும். கரடித் தொல்லை உள்ள முகாம்களில் உணவைப் பூட்டி வைக்க இடத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். அதன் மேல்தகட்டில் காந்தம் கப்பென்று பிடிக்கும், அகலமும் போதும். உயரம் போதாது என்பது மட்டும்தான் குறை. காரோ பெட்டியோ, இரண்டுமே தரையை ஒட்டி நிற்பவை. சுற்றிலும் பாறை மேடு இருந்தால் எவ்வளவு நல்ல தரைப்பக்கம் இருந்தும் பயனில்லை.

உயரம் இங்கே பெரிய விஷயம். சமதரையில் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில், ஆன்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வரும். கையில் பிடித்த 1.5 மீட்டருக்கு 5 கி.மீ. 8 மீட்டருக்கு 11 கி.மீ.க்கு மேல். மலையில் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காதுதான். ஆனாலும் பக்கத்துப் பாறையையும் நாலு கார்களையும் தாண்டி எட்டிப் பார்க்கும் ஆன்டெனா, விலையுயர்ந்த ஆனால் தாழ்ந்த ஆன்டெனாவை எப்போதும் வெல்லும். விமானங்களுக்கு மட்டும் இந்தக் கவலை வேண்டாம். 10,000 மீட்டரில் பறப்பதன் தொடுவானம் 400 கி.மீ.க்கு மேல். தீக்கு மேலே வட்டமடித்தபடி மற்ற விமானங்களை வழிநடத்தும் கண்காணிப்பு விமானத்தின் குரல் ரப்பர் டக்கிலேயே வந்து விழும். தரையில் நிற்கும் தீயணைப்பு வண்டியின் குரலுக்குத்தான் நாம் இவ்வளவு பாடுபடுகிறோம்.

என் ஓட்டு சுருட்டி வைக்கும் ஜே-போலுக்கு. பழைய டிவி ஆன்டெனாவில் வரும் தட்டையான 300 ஓம் இரட்டைக் கம்பியில் செய்தது. 155 மெகாஹெர்ட்ஸுக்கு நீளம் ஒன்றரை மீட்டரை ஒட்டி வரும், சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். மேல் பகுதி அரை அலை, கீழே கால் அலை அளவில் இணைப்புப் பகுதி. தனியாகத் தரைத்தகடு வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய பலம். இந்த அமைப்பு ஒரு நூற்றாண்டுக்கு முன் ஜெர்மனியின் செப்பலின் ஆகாயக் கப்பல்களிலிருந்து தொங்கவிட்ட ஆன்டெனாவின் வழி வந்தது. தொங்குவதற்கென்றே பிறந்தது என்று சொல்லலாம்.

மரத்தில் ஏற்றுவது பழகும் வரைதான் கஷ்டம். 50 கிராம் தூண்டில் ஈயத்தில் மெல்லிய நைலான் நூலைக் கட்டி, தலைக்கு மேல் தெரியும் உறுதியான பச்சைக் கிளை ஒன்றைப் பார்த்து வீசுங்கள். காய்ந்த கிளை வேண்டாம், நூல் சிக்கினால் கிளையோடு தலையில் வரும். ஈயம் கிளையைத் தாண்டி இறங்கியதும் நூலின் மறுமுனையில் கயிற்றைக் கட்டி இழுத்து, கயிற்றோடு ஆன்டெனாவை மேலேற்றலாம். வீசும்போது அந்தப் பக்கம் குழந்தைகள் நிற்கக் கூடாது. மின்கம்பி கண்ணில் பட்டால் அந்த மரமே வேண்டாம். ஆன்டெனா தண்டிலிருந்து அரை மீட்டராவது விலகி, நேர்செங்குத்தாகத் தொங்க வேண்டும். தரையில் உள்ளவர்கள் எல்லோரும் செங்குத்து ஆன்டெனாவில்தான் பேசுகிறார்கள். நம்முடையது துணி உலர்த்தும் கொடி போலக் கிடைமட்டமாகக் கிடந்தால் உயரத்தில் சம்பாதித்த அத்தனையும் போய்விடும். கேபிள் சேரும் இடத்துக்குக் கீழே ஐந்தாறு சுற்று, 12 செ.மீ. வட்டமாகச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். கேபிளின் வெளிப்பக்கமாக வரும் இரைச்சல் அங்கேயே நிற்கும். பைன் மரத்தின் பிசின் கேபிளிலும் கையிலும் அப்பிக்கொள்ளும். சோப்பு அதை ஒன்றும் செய்யாது, சமையல் எண்ணெயோ கை சானிடைசரோ தேய்த்தால் போகும்.

மரம் இல்லாத இடங்களில், அதாவது ஏரிக்கரையிலோ பாறை வெளியிலோ, ஆறேழு மீட்டர் ஃபைபர்கிளாஸ் தூண்டில் கோலை மேசைக்காலோடு கட்டி அதில் ஏற்றலாம். கார்பன் கோல் வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், ஆன்டெனாவின் சுருதியைக் கலைத்துவிடும்.

டிஸ்கோனை நேசிப்பவர்கள் நிறையப் பேர். எனக்கும் வீட்டு மாடியில் அதுதான் பிடிக்கும். 25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே ஆன்டெனா என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் டயமண்ட் டி130ஜே போன்ற ஒன்று 1.7 மீட்டர் உயரம், ஒரு கிலோ அளவு எடை, சுற்றிலும் பதினாறு கம்பிகள். ஒவ்வொன்றாகத் திருகிக் கோக்க வேண்டும். மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு கம்பியின் நட் புல்லில் விழுந்தால் தெரியும் அதன் அருமை. அத்தனையும் முடித்து நிமிர்த்தினாலும் கிடைக்கும் பலம் இரண்டு கம்பி மட்டும் உள்ள சாதாரண டைபோல் ஆன்டெனா அளவுதான். அகலமாகக் கேட்பதற்காகப் பலத்தை விட்டுக்கொடுத்த வடிவம் அது. இன்னொன்று, அகலமாகக் கேட்பது என்றால் வேண்டாததையும் கேட்பது. மலையுச்சியில் எஃப்எம் நிலையம் பக்கத்தில் இருந்தால் 88 முதல் 108 வரையிலான அதன் பலமான சிக்னல் கையடக்க ஸ்கேனரின் முன்பகுதியைத் திணறடித்துவிடும். வானிலை அலைவரிசையில் பாட்டுக் கேட்டால் அதுதான் காரணம். ஸ்கேனரில் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போட்டதும் தெளிந்தால் சந்தேகமே வேண்டாம். எஃப்எம் தடுக்கும் சின்ன ஃபில்டர் ஒன்றை இடையில் மாட்டுங்கள். சிக்னல் பெருக்கி வாங்கலாமா என்பவர்களுக்கும் இதுவே பதில். திணறுகிற ஸ்கேனருக்கு மேலும் ஊட்டினால் நிலைமை மோசமாகும்.

யாகி ஒரே திசையில் பார்க்கும். ஒரே ஒரு தூரத்து ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) மட்டும்தான் வேண்டும், அது எங்கே என்றும் தெரியும் என்றால் அதை மிஞ்ச வேறில்லை. ஸ்கேனர் நாலு பக்கமும் தேடுகிற கருவி என்பதால் பொதுவாக ஒத்துவராது.

ஆன்டெனாவை விடக் கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 10 மீட்டர் ஆர்ஜி-58 ரகக் கேபிள், 150 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2 டெசிபல் (சிக்னல் பலத்தின் அளவு) தின்னும். மரத்தில் ஏற்றிக் கிடைக்கும் லாபத்தோடு பார்த்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதே கேபிள் 860இல் 5 டெசிபல் அளவு தின்னும், வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். காந்த அடியோடு ஒட்டி வரும் பென்சில் குச்சியை விட மெல்லிய ஆர்ஜி-174 என்றால் 860இல் 10 மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். அதனால் 800 பக்கம் கேட்பவர்களுக்கு என் தீர்ப்பே வேறு. நீண்ட கேபிளை மறந்துவிட்டு, காரில் குட்டைக் கம்பியும் குட்டைக் கேபிளும் வைத்து, காரை இருநூறு அடி தள்ளி நல்ல இடம் பார்த்து நிறுத்துங்கள்.

உயரமும் வேண்டும், கேபிள் செலவும் கூடாது என்றால் வீட்டு கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 இருக்கிறது. இது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை. கேபிளோ 860இல் 10 மீட்டருக்கு 2 டெசிபல் சொச்சம்தான் தின்னும். நாம் ஒலிபரப்பப் போவதில்லை, கேட்கத்தான் போகிறோம். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

கனெக்டர் பக்கம் ஒரு எச்சரிக்கை. யூனிடன் பிசி125ஏடி போன்ற ஸ்கேனர்களில் கால் திருகு திருகினால் பூட்டும் பிஎன்சி இருக்கும், முரட்டுத்தனமாகக் கையாளலாம். எஸ்டிஎஸ்100 போன்றவற்றில் சின்ன எஸ்எம்ஏ திருகு. தடித்த கேபிளை அதில் நேராக மாட்டித் தொங்கவிட்டால் சாக்கெட் ஆடத் தொடங்கும். ஒரு சாண் மெல்லிய இணைப்புக் கேபிளை இடையில் போட்டு, பாரமான கேபிளை மேசைக்காலில் கட்டிவிடுங்கள்.

எந்த ஆன்டெனா நல்லது என்று முகாமிலேயே சோதிக்க வானிலை ஒலிபரப்பை விட நல்ல அளவுகோல் இல்லை, அது நிற்காமல் ஓடுவதால். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை முழுக்கத் திறந்து, ஏழு அலைவரிசைகளில் இரைச்சலோடு தடுமாறி வரும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பர் டக்கில் கேட்டு, பிறகு வெளி ஆன்டெனாவில் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் லாபம். அடங்காவிட்டால் எல்இடி விளக்கு, சோலார் சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றையும் அணைத்துப் பாருங்கள். கூடாரத்துக்குள் இருக்கும் இந்தச் சாமான்களே பல நேரம் எதிரி. ஆன்டெனா அவற்றிலிருந்து விலகி மரத்தில் இருப்பதே தனி லாபம்.

பூட்டிய பேச்சை எந்த ஆன்டெனாவும் திறக்காது. 2020க்குப் பிறகு கலிபோர்னியாவில் பல காவல் துறைகள் குறியாக்கத்துக்குப் போய்விட்டன. காட்டுத்தீ சார்ந்த பேச்சு பெரும்பாலும் இன்னும் திறந்தே இருக்கிறது. கேட்டதை வைத்து ஆதாயம் தேடக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். நியூயார்க், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைப்பதற்கே கட்டுப்பாடு உண்டு, எல்லை தாண்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் சியராவில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் திடீரென்று கட்டும். முதல் உறுமல் கேட்டதும் கேபிளை ஸ்கேனரிலிருந்து கழற்றுங்கள். மரத்தடியில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மழை விட்டபின் இறக்கலாம். அதுவரை டெலஸ்கோப்பிக் கம்பியோடு காருக்குள் உட்கார்ந்து வானிலை அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.