‘லைஃப்டைம் கணக்கு’ என்று சொன்னால் வாங்காதீர்கள்: ஷேடோரன் வாங்கப் போய் நான் ஏமாந்தது

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கமிருந்து பொள்ளாச்சிக்குப் போய் லேப்டாப் சரிசெய்கிறவர்கள், கேம் வாங்குகிறவர்கள் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். மூன்று ஷேடோரன் கேம்களும் உள்ள கணக்கு என்று 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்று மாதம்கூட நிற்கவில்லை. பணத்தோடு, ராத்திரி ராத்திரியாக நாற்பது மணி நேரம் ஆடிய ஆட்டமும் போய்விட்டது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.

ஷேடோரன் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1989-இல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுகிற ஆட்டமாகத்தான் இது தொடங்கியது. எதிர்கால நகரம், பெரிய கம்பெனிகளின் ராஜ்யம், உடம்புக்குள் இயந்திரம் பொருத்திக்கொண்ட மனிதர்கள். அதே உலகத்தில் மந்திரமும் டிராகனும் உண்டு. அந்த உலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மனின் ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ் நிறுவனம், 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்கிற நிதி திரட்டும் தளத்தில் ரசிகர்களிடம் கேட்டது 4 லட்சம் டாலர். சேர்ந்தது 18 லட்சத்துக்கும் மேல். அந்தப் பணத்தில் வந்ததுதான் 2013-இன் ஷேடோரன் ரிட்டர்ன்ஸ். 2014-இல் டிராகன்ஃபால், 2015-இல் ஹாங்காங். மூன்றுமே முறைவைத்து ஆடுகிற சண்டை. நம் ஆட்கள் நகர்ந்து சுட்ட பிறகு எதிரியின் முறை வரும். அவசரமில்லாமல் யோசித்து ஆடலாம். நாள் முழுக்கக் கொப்பரை மண்டியில் கணக்கு எழுதிவிட்டு வருகிற எனக்கு அதுதான் தோதாக இருந்தது.

ஓணத்துக்குப் போனஸ் வந்தது. லேப்டாப்பின் விசிறி சத்தம் போடுகிறது என்று கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன். கடைச் சுவரில் கேம் படங்களாக ஒட்டியிருந்தார்கள். “ஷேடோரன் இருக்குங்களாண்ணா?” என்று கேட்டேன். “மூணும் இருக்கு தம்பி. சைபர்பங்க் 2077 மாதிரியே இருக்கும். ஒரிஜினல், கிராக் எல்லாம் கிடையாது. எபிக் கணக்கே உங்களுக்குக் குடுத்திடறேன், லைஃப்டைம்” என்றார். கிராக் என்றால் திருட்டு நகல்; எபிக் என்பது ஆன்லைனில் கேம் விற்கிற தளம், அங்கே வாங்குகிற கேம் நம் கணக்கில் சேரும். 2077 மாதிரி எல்லாம் இருக்காது. அது 2020-இல் வந்த, கண்ணால் பார்த்து ஓடிச் சுடுகிற கேம். இது மேலிருந்து பார்த்துப் பக்கம் பக்கமாகப் படித்து ஆடுகிறது. இந்த ஒரு பதிலிலேயே, அவர் இதை ஆடிப் பார்த்தவர் இல்லை என்று நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பில் கேட்டேன். “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், எதுக்குங்க தம்பி” என்றார். ஜிபேயில் 1,800 அனுப்பினேன். உள்ளே நுழைய ஒரு மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் வாட்ஸ்ஆப்பில் வந்தன. அந்த மின்னஞ்சல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. எல்லாம் கெட்டது அந்த இடத்தில்தான். மின்னஞ்சல் யார் கையில் இருக்கிறதோ, கணக்கு அவருடையது. பாஸ்வேர்டை நாம் எத்தனை முறை மாற்றினாலும், ‘மறந்துவிட்டது’ என்று ஒரு தட்டு தட்டினால் அவருக்குத்தான் கடிதம் போகும்.

“ஒரே கதை, முதல்லருந்து வரிசையா ஆடுங்க” என்றும் சொல்லி அனுப்பினார். அதுவும் தவறு. மூன்றும் வேறு வேறு ஊர், வேறு வேறு ஆட்கள்: சியாட்டில், பெர்லின், ஹாங்காங். முதல் கேமைப் பற்றி ஆடியவர்கள் வைக்கிற குறை, நேர்க்கோடாக ஓடிச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது. வெளியான புதிதில் நினைத்த இடத்தில் சேவ் பண்ணவும் முடியாது, பிறகுதான் அந்த வசதி சேர்த்தார்கள். 95 சதவீதம் படும் என்று காட்டிவிட்டு குண்டு தவறுவது எல்லாரும் சொல்கிற வருத்தம், எனக்கும் உண்டு. ஆனாலும் துப்பறியும் கதையாக அது நன்றாகவே போகும். ஒரு வாரத்தில் முடித்தேன்.

டிராகன்ஃபாலை மூன்றிலும் சிறந்தது என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். முதல் வேலையிலேயே நம் கூட்டத்தின் தலைவி மோனிகா இறந்துவிடுகிறாள். அவளை நம்பி இருந்த க்ரொய்ட்ஸ்பசார் என்கிற சின்னப் பேட்டை நம் தலையில் விழுகிறது. காப்பிக் கடைக்காரர், வைத்தியர், பழைய சாமான் விற்கிறவர் என்று ஒவ்வொருவரும் வந்து நம்மிடம் முறையிடுகிறார்கள். பேசும் மொழி ஒரு மாநிலத்தினுடையது, ரேஷன் கார்டு இன்னொரு மாநிலத்தினுடையது என்று இருக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். அரசாங்கம் எட்டிப் பார்க்காத அந்தப் பேட்டையில் ஜனங்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது எனக்கு அந்நியமாகவே படவில்லை. குளோரி என்று ஒருத்தி. கைகள் இரண்டும் இரும்பு, பேச்சும் அப்படியே வறண்டு இருக்கும். வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் அவள் பக்கத்தில் போய் நின்று பேச வேண்டும். அவள் பழைய கதை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன்.

ஹாங்காங்கைப் பற்றி அபிப்பிராயம் இரண்டாகப் பிரிகிறது. கூட்டாளிகள் பிரமாதம் என்கிறார்கள் ஒரு சாரார், பேச்சு நீளம் என்கிறார்கள் மறு சாரார். கணினி வலைக்குள் நுழைகிற மேட்ரிக்ஸ் பகுதியில் காவலுக்குத் திரிகிறவை கண்ணில் படாமல் ஒளிந்து போகும்படி மாற்றியிருக்கிறார்கள். அது பலருக்குப் பிடிக்கவில்லை. நான் அதுவரை போகவே இல்லை. அதற்குள் இது நடந்துவிட்டது.

டிராகன்ஃபாலில் ஆலிஸ் என்பவளிடம் தகவல் வாங்க 50,000 நுயென் சேர்க்க வேண்டும். அந்த உலகத்துப் பணம் அது. ஒவ்வொரு வேலையாக எடுத்து, நல்ல துப்பாக்கிகூட வாங்காமல், 38,000 சேர்த்திருந்தேன். கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு தவறு என்று வருகிறது. பத்து முறை போட்டுப் பார்த்தேன். மீட்பதற்கான கடிதமோ, என் கையில் இல்லாத அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகிறது.

கடைக்குப் போன் அடித்தேன். “நீங்க ஏதோ மாத்திட்டீங்க தம்பி, கொண்டு வாங்க, பார்த்துத் தரேன்” என்றார். கொண்டு போனேன். மாலை வரச் சொன்னார். மாலையில் லேப்டாப் பளிச்சென்று இருந்தது, டெஸ்க்டாப்பில் நான் வைத்திருந்த என் அக்கா மகள் படம் இல்லை. முழுக்க ஃபார்மட் பண்ணியிருக்கிறார்கள். “வைரஸ் இருந்துச்சு” என்றார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொப்பரைக் கணக்கின் நகல் மண்டியில் இருந்ததால் தப்பித்தேன். சேவ் கோப்புகள் போயின, 38,000 நுயெனும் போயிற்று. கையில் புதிதாக ஒரு கணக்கு கொடுத்து, சர்வீஸ் சார்ஜ் என்று 300 ரூபாய் வேறு வாங்கிக்கொண்டார்கள்.

அன்றிரவு கோயம்புத்தூரில் படிக்கிற என் மாமா பையன் வந்திருந்தான். “மச்சான், இதுல வாங்கின கணக்கு வழக்கைக் காட்டு” என்று அந்தப் புதிய கணக்கின் பரிவர்த்தனைப் பக்கத்தைத் திறந்தான். ஷேடோரன் கலெக்‌ஷன், 2020 ஆகஸ்ட் மாதத் தேதி, நூறு சதவீதத் தள்ளுபடி, கட்டிய தொகை பூஜ்யம். அதன் கீழே வரிசையாக வேறு கேம்கள், எல்லாவற்றுக்கும் பூஜ்யம். அந்த ஆகஸ்ட் 27-இல் தொடங்கி ஒரு வாரம், மூன்று கேமையும் எபிக் ஸ்டோர் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அந்த வாரம் யாரோ கட்டுக்கட்டாகக் கணக்குகள் தொடங்கி, இலவசத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எங்களைப் போன்றவர்களிடம் தலைக்கு 1,800 வாங்குகிறார்கள். ஒரே கணக்கை எத்தனை பேருக்கு விற்றார்களோ. பிறகு பாஸ்வேர்டை மாற்றி அடுத்தவருக்கு விற்க வேண்டியதுதான். ரசிகர்கள் கைக்காசு போட்டு வரவழைத்த கேம் இது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அப்புறம் எபிக்கின் விதியைப் படித்தேன். கணக்கை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. அதனால் அவர்களிடம் போய் நியாயம் கேட்கவும் வழியில்லை. கடைக்காரரிடம் பூஜ்யம் தெரிகிற படத்தைக் காட்டினேன். “கேம் ஓடுச்சுல்ல தம்பி?” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எல்லையில் இருக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கடை தமிழ்நாட்டில், நாம் கேரளாவில், யாரிடம் போய்ச் சொல்வது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எனக்குப் பாலக்காடு போதும், கோயம்புத்தூர் அலைய வேண்டாம். நாம் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியலாம். ஆன்லைனில் முன்பின் தெரியாத ஆளிடம் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அடியுங்கள், தாமதிக்க தாமதிக்கப் பணத்தை நிறுத்தி வைப்பது கஷ்டம். நான் 1915-இல் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, வாட்ஸ்ஆப்பில் ‘லைஃப்டைம்’ என்று அவர் எழுதியது, பூஜ்யம் தெரிகிற பக்கம் மூன்றையும் வைத்திருக்கிறேன். நீங்களும் வாட்ஸ்ஆப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். சர்வீஸுக்கு லேப்டாப் கொடுக்கும் முன் முக்கியமானதைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, ‘கேட்காமல் ஃபார்மட் பண்ணக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஷேடோரன் ஆட ஆசையிருந்தால் சொந்த மின்னஞ்சலில் சொந்தக் கணக்கு தொடங்குங்கள். ஸ்டீம் என்கிற கேம் விற்கும் தளத்தில் யுபிஐ மூலமாகவே பணம் கட்டலாம், கார்டு வேண்டியதில்லை. எனக்கு இது தெரியாமல்தான் கடைக்குப் போனேன். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணமும் வாங்கலாம். ஜி.ஓ.ஜி தளத்தில் வாங்கினால் நிறுவுகிற கோப்பையே இறக்கிப் பென்டிரைவில் பத்திரப்படுத்தலாம், யாரும் வந்து பூட்ட முடியாது. பழைய கேம்கள் என்பதால் தள்ளுபடி அடிக்கடி வரும், காத்திருந்து வாங்குங்கள். ஒன்றே ஒன்று வாங்குவதானால் டிராகன்ஃபால்.

போன சனிக்கிழமை அந்தக் கடை வழியாகப் போனேன். அதே படங்கள் சுவரில் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் வெளியே நின்று காசை எண்ணிக்கொண்டிருந்தார்கள். “தம்பி, உள்ளே போனா, அந்தக் கணக்கோட மின்னஞ்சல் யாருதுன்னு முதல்ல கேளுங்க” என்று சொல்லிவிட்டு, பூஜ்யம் போட்ட அந்தப் படத்தையும் போனில் காட்டினேன். பெரியவன் அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.