லிக்விட் லிக்விட்: மூன்று ஈபியும் ஒரே தொகுப்பில்

பக்கவாத்தியக்காரர்களே சேர்ந்து முழுக் கச்சேரியையும் நடத்தினால் எப்படி இருக்கும்? நியூ யார்க்கின் லிக்விட் லிக்விட் இசைக்குழு அப்படித்தான். பேஸ் கிட்டாரில் ரிச்சர்ட் மெக்வயர், டிரம்ஸில் ஸ்காட் ஹார்ட்லி, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவில் டென்னிஸ் யங். பாடிக்கொண்டே தாளக்கருவியும் வாசிப்பவர் சால்வடோர் பிரின்சிபாட்டோ. சாதாரணக் கிட்டாருக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஆடவைக்கும் ஃபங்க் இசையின் உடம்பில், பங்க் ராக்குக்குப் பின் வந்த போஸ்ட்பங்க்கின் எலும்பு.

1981இல் இரண்டு, 1983இல் ஒன்று என மூன்று ஈபிக்களை (முழு ஆல்பத்தைவிடச் சிறிய இசைத்தட்டுகள்) 99 ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. கிரீனிச் வில்லேஜில் எட் பால்மன் நடத்திய இசைத்தட்டுக் கடையிலிருந்து கிளைத்த நிறுவனம் அது. அந்த மூன்றோடு கூடுதல் பதிவுகளையும் சேர்த்து 2008இல் டொமினோ என்ற இசை நிறுவனம் கொண்டுவந்த தொகுப்பு இது.

வெளிவந்த வரிசையில் கேட்க வேண்டாம். மூன்றாவது ஈபியான 'ஆப்டிமோ'வில் தொடங்குங்கள். தலைப்புப் பாட்டில் மாட்டுமணியும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தும். அடுத்தது 'கேவர்ன்'. பேஸ் ஒரு சிறு வரியை வாசித்து, மூச்சு விட்டு, மறுபடி அதையே வாசிக்கும். அந்த இடைவெளியில்தான் பாட்டு ஆடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இதே வரி ஓடினாலும் அலுக்காததற்குக் காரணம், மேலே தாளக்கருவிகள் வந்து விலகும் கணக்கு.

இதே பேஸ் வரியை ஷுகர் ஹில் என்ற ராப் இசை நிறுவனத்தின் ஸ்டூடியோ கலைஞர்கள் திரும்ப வாசித்ததுதான் 1983இன் 'வைட் லைன்ஸ்' என்ற ராப் பாட்டு. உலகம் ஆடியது அதற்கு. 99 ரெக்கார்ட்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தது. ஷுகர் ஹில் திவாலானதால் பணம் கைக்கு வரவில்லை. 99உம் மூடப்பட்டது. ஒரிஜினலைக் கேட்காதவர்கள் இன்றும் அதிகம் என்பது பெரிய அநியாயம்.

செல்போன் ஸ்பீக்கரில் கேட்டு இதை எடைபோடாதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதைத் தொடவே தொடாது. மிஞ்சுவது மணிச் சத்தமும் கூச்சலும்தான். காதை மூடும் ஹெட்போன் போதும். 'பேஸ் பூஸ்ட்'டை அணைத்துவிடுங்கள். போட்டால் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் பேஸும் ஒன்றாகக் குழைந்து, மேலே சொன்ன இடைவெளி அடைபட்டுவிடும். இசைத்தட்டில் கேட்பவர்கள் ஊசி தட்டை அழுத்தும் எடையை அதற்குரிய அளவுக்குக் குறைவாக வைக்கக் கூடாது, கனத்த பேஸ் வரும் இடத்தில் ஊசி தாவும்.

கூடுதல் பதிவுகளில் ஈபிக்களின் துல்லியம் இல்லை. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். 'ஆப்டிமோ'வின் நாலு பாட்டுக்காகவே காசு கொடுத்து வாங்கலாம்.