பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு 22 நிமிடமாம்!

லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மாவை அனுப்பி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்காக, இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுத் தரும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி இரண்டு வாரமாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். தூரத்துக்கு நம்பலாம், நேரத்துக்கு நம்பிவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை. எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, நாலாக மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொள்வார். செயலி கோலாலம்பூர்–ஹீத்ரோ 11 மணி 47 நிமிடம் என்றது, நானும் அப்படியே சொல்லிவிட்டேன், அம்மாவும் எழுதிக்கொண்டார். அப்புறம் டிக்கெட்டைப் பார்த்தால் கிட்டத்தட்ட 14 மணி நேரம்! "ஏன்டா, நடுவுல ரெண்டு மணி நேரம் எங்க போச்சு?"

எங்கே போனது என்று பார்க்க, பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெபாஸிலிருந்து கோலாலம்பூர் போட்டுப் பார்த்தேன். சுமார் 325 கிலோமீட்டர், 22 நிமிடம். சிரிப்பு வந்துவிட்டது. அந்த விமானத்துக்கு டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். விஷயம் புரிந்தது: இது தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுக்கிறது, அவ்வளவுதான். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது எதுவும் கணக்கில் இல்லை. டிக்கெட்டில் இருக்கும் நேரமோ விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும். லண்டனுக்குப் போகும்போது மேலே மேற்குக் காற்று வேறு எதிரே வீசும், அதனால்தான் திரும்பி வரும் பயணம் சுமார் ஒரு மணி நேரம் குறைவு. செயலிக்கு இரண்டும் ஒன்றே.

தூரக் கணக்கு மட்டும் சுத்தம். உலக உருண்டையில் இரண்டு ஊரையும் வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் விழும் கோடுதான் இது காட்டும் 10,600 கிலோமீட்டர் சொச்சம், வேண்டுமென்றால் மைலிலும் கடல் மைலிலும் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்) தருகிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். அது கிழக்கு உக்ரைன் மேலே போகிறது. 2014 ஜூலை 17, அங்கே சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் எம்ஹெச்17, இறந்தவர்கள் 298 பேர். நம் ஊரில் யாருக்கு மறக்கும்? 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளியே பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும். செயலி கண்டுகொள்ளாமல் நேர்கோடு போடுகிறது.

இன்னொன்று, 'கோலாலம்பூர்' என்று அடித்தால் முதலில் பழைய சுபாங் விமான நிலையம் வந்து நிற்கிறது. லண்டன் விமானம் கிளம்பும், சிப்பாங்கில் இருக்கும் பெரிய விமான நிலையமான கேஎல்ஐஏவைத் தேடி எடுக்க வேண்டும். நேர வித்தியாசத்தைச் சரியாகச் சொல்கிறது, கோடையில் 7 மணி, குளிர்காலத்தில் 8. விளம்பரத் தொல்லையும் அதிகமில்லை.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அம்மா டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுத் தாளில் மாத்திரைக் கணக்கை எழுதி முடித்துவிட்டார், இப்போது தினமும் சாயங்காலம் என் கைப்பேசியை வாங்கி, சென்னை எவ்வளவு தூரம், மதுரை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.